அளவு போதாது

"இந்த நாப்பத்தி மூணு பேர் எப்படி மேடம் இதுக்குள்ள வந்தாங்க?"

மெய்யப்பன் இப்படிக் கேட்டபோது வெள்ளிக்கிழமை மதியம் மணி ஒன்றேகால். பூங்கோதை திரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. அந்த நாற்பத்து மூன்று பெயர்களும் அவளுக்கு மனப்பாடம்.

கோயமுத்தூரில் அந்த மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, அவளுக்கு ஒரே வேலை. கல்லீரல் கெட்டுப்போய்ப் படுத்திருப்பவர்களுக்குத் தங்கள் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்க உறவினர்கள் வருவார்கள். மனைவி வருவாள், அக்கா வருவாள், அம்மா வருவாள். எப்போதாவது தம்பி வருவான். ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பூங்கோதை கேட்பாள்: "உங்களுக்கு நெசமாவே குடுக்க இஷ்டமுங்களா? இங்க சொல்றது வெளிய போகாது."

பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் அழுவார்கள். சிலர் எதுவும் பேசாமல் இடவலமாகத் தலையை அசைப்பார்கள். அந்த அசைவை வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாரும் கொழுந்தனும் பார்த்துவிட்டால் போதும், அந்தப் பெண் ஆயுசுக்கும் அந்த வீட்டில் நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது. எனவே பூங்கோதை வெளியே வருவாள். கண்ணாடியைச் சரிசெய்துகொள்வாள். "ஸ்கேன் பாத்தாச்சுங்க. அளவு போதலைங்க" என்பாள்.

அளவோடு யாரும் சண்டை போட்டதில்லை. கோப்பிலும் அதுவே எழுதப்படும். பெரிய டாக்டர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போடுவார்.

மெய்யப்பன் டாக்டர் இல்லை, இன்ஜினியர். அவன் செய்த 'மதகு' இப்போது இந்தியா முழுக்கப் பேச்சு. அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த முதல் நாளே ஊழியர்களை எல்லாம் கூட்டிவைத்து விளக்கியிருந்தான்.

"நோயாளியோட எடை கிலோவுக்கு எட்டு கிராம் கல்லீரல் வேணும், அது பழைய கணக்கு. எழுபது கிலோ ஆளுக்கு ஐநூத்தி அறுபது கிராம். அதுக்குக் கம்மியா வெச்சா ஏன் கெட்டுப் போகுது? துண்டு சின்னதுங்கறதால இல்ல. குடல்ல இருந்து வர்ற ரத்தம் பூராவும் அது வழியாத்தான் போயாகணும். ஏரிக்குப் போற வெள்ளத்தைக் குட்டைல திருப்பினா கரை நிக்குமா? வெள்ளத்தை அடக்கினா குட்டையே நாலு வாரத்துல ஏரி ஆயிரும். கல்லீரல் வளரும்ங்க."

ஒரு மோதிரத்தைத் தூக்கிக் காட்டினான், அதுதான் மதகு. கல்லீரலுக்குள் நுழையும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி மாட்டவேண்டியது. அழுத்தம் ஏறினால் தானே இறுக்கும், துண்டு வளர வளரத் தானே தளரும். இனி எட்டு கிராம் வேண்டாம், நான்கு போதும். கூட்டத்தில் கை தட்டினார்கள். பூங்கோதையும் தட்டினாள். நான்கு கிராம் போதும் என்றால், இனி யாரிடம் போய் அளவு போதாது என்று சொல்வது?

இப்போது அதைவிடப் பெரிய தலைவலி வந்து உட்கார்ந்திருந்தது. மதகுக்கு டில்லியில் முழு அனுமதி வேண்டும். அதற்குச் சான்றாக, இத்தனை வருடத்தில் 'அளவு போதாது' என்று திருப்பி அனுப்பப்பட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் பழைய ஸ்கேன்களையும் மெய்யப்பன் தான் செய்த அளக்கும் மிஷினுக்குக் கொடுத்திருந்தான். மதகு அன்று இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குக் காட்ட. மிஷின் ஒவ்வொரு துண்டையும் மறுபடி அளந்தது. அளந்ததில், நாற்பத்து மூன்று பேருக்கு மதகே தேவைப்பட்டிருக்காது என்று தெரிந்தது. பழைய எட்டு கிராம் கணக்குப்படியே அளவு தாராளமாக இருந்திருக்கிறது.

"அப்பத்த மிஷின் பழசுங்க சார். தப்பா அளந்திருக்கும்."

"நாப்பத்தி மூணுலயும் ஒரே மாதிரியா? மிஷின் தப்புப் பண்ணா கூடவும் காட்டும், குறைச்சும் காட்டும். இது அத்தனையும் குறைச்சே காட்டியிருக்கு. இப்படித் தப்புப் பண்ண மனுஷங்களாலதான் முடியும்."

பூங்கோதை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அவங்களுக்கு இஷ்டமில்லைங்க சார். நாந்தான் அப்படிச் சொன்னேன்."

"மறுத்தாங்கன்னே எழுதியிருக்கலாமே."

"எழுதியிருந்தா அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்க முடியாதுங்க."

"படுத்திருந்தவங்க?"

படுத்திருந்தவர்களில் பதினாறு பேருக்கு வேறு ஆள் கிடைத்தது. மற்ற இருபத்தாறு பேரின் பெயரும் அவளுக்கு மனப்பாடம்தான்.

புதுச் சட்டம் ஒன்று இருந்தது. ஒருவரின் உடம்பை மிஷின் மறுபடி அளந்தால், முடிவு அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் போனில் குரலாகவே போகும். மாலை ஐந்து மணிக்கு இருநூற்றுச் சொச்சம் வீடுகளிலும் போன் அடிக்கும்.

"அந்த நாப்பத்தி மூணை மட்டும் எடுத்துருங்க சார்."

"எடுக்கணும்னா காரணம் எழுதணும். 'கொடுக்க மறுத்தார்'னு. சட்டப்படி அந்தக் காரணமும் அவங்க வீட்டுக்குத்தான் போகும்." அவன் அவள் முகத்தையே பார்க்காமல் பேசினான். "ஏன் மேடம் பதறுறீங்க? அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை. சோதனைக்குக் காலைல ஒன்பது மணிக்கே பத்துக் குடும்பத்துக்கு அனுப்பியாச்சு. ஒரு புகார் வரல. வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

"எந்தப் பத்து?"

"இருக்கிறதுலயே பழைய பத்து."

பூங்கோதை கண்ணாடியை எடுக்க மறந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பழைய பத்தில் பல்லடம் சிவசாமியின் குடும்பம் இருந்தது. நாற்பத்து மூன்றில் ஒரே வீட்டில் இரண்டு பெயர் உள்ள கோப்பு அது ஒன்றுதான்.

சிவசாமிக்கு அப்போது முப்பது வயது, எழுபது கிலோ. முதலில் உள்ளே வந்தவள் மனைவி கோகிலவாணி. இருபத்து நான்கு வயது, இரண்டு வயதுக் குழந்தை வெளியே அழுதுகொண்டிருந்தது. "பயமா இருக்குதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க, பயமா இருக்குது" என்றாள். அவள் போன பிறகு சிவசாமியின் அம்மா மாராத்தாள் வந்து உட்கார்ந்தாள். ஒரு காரணமும் சொல்லவில்லை. இடவலமாகத் தலையை அசைத்தாள், அவ்வளவுதான். பூங்கோதை வெளியே வந்து, "ரெண்டு பேருதும் அளவு போதலைங்க" என்றாள். ஒருத்தி என்ன சொன்னாள் என்பது இன்னொருத்திக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது மாதம் சிவசாமி இறந்தான். மாமியாரும் மருமகளும் அதே வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள். பூங்கோதை வருடத்துக்கு ஒருமுறை போன் செய்து விசாரிப்பாள்.

இன்று கோகிலவாணியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாராத்தாளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அழைத்த டாக்சி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஓட்டுநர் இல்லாத டாக்சி, எத்தனை அவசரம் என்று சொன்னாலும் அறுபதுக்கு மேல் போகாது. சூலூரில் ஏதோ ஊர்வலம் என்று அரை மணி நேரம் நின்றது. பூங்கோதை பல்லடம் தாண்டி அந்த வீட்டை அடைந்தபோது மூன்றரை ஆகிவிட்டது. வழியெல்லாம் கூச்சலையும் ஒப்பாரியையும் எதிர்பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் பூட்டுத் தொங்கியது.

எதிரே பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில், ஒயர்க்கூடையும் துணிப்பையுமாக ஒரு பெண்மணி. அறுபத்து நாலு வயது. முடி நன்றாக வெளுத்திருந்தது.

"மாராத்தாளுங்களா?"

"அட, நீங்களா!" ஒன்றும் நடக்காதது போல நகர்ந்து இடம் கொடுத்தாள் மாராத்தாள். "ஆசுபத்திரியில இருந்து நேராத் தேடிட்டு வந்துட்டீங்களாக்கும். உக்காருங்க. தாராபுரத்துல என்ற அண்ணன் வீட்டுக்குப் போறனுங்க."

"எப்ப வருவீங்க?"

"வரலீங்க."

"வாணி?"

"காலைல வேலைக்குப் போனவதான். ஒம்போது மணிக்கு அந்த மெசினு கூப்புட்டுச்சு. எனக்கும் வந்துச்சு, அவளுக்கும் வந்துருக்கும். பத்து மணிக்கெல்லாம் சேதி அனுப்பிப்போட்டா. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல கூப்புட்டுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போறாளாமா. 'மன்னிச்சுக்கங்க அத்தை'ன்னு ஒரு வரி வேற." மாராத்தாள் சாலையைப் பார்த்தாள். "பெத்தவ இருந்தும் குடுக்காம உட்டுட்டான்னு தெரிஞ்சு போச்சுல்லங்க. என்ற மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு போயிட்டா. அது அவ வூடுங்க, அவ இருக்க வேண்டிய வூடு. நான் போனாத்தான அவ வருவா? அதுக்குத்தான் கெளம்பிட்டேன். சாம்பார் வெச்சு மூடி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"வாணியோட அளவும் போதும்னு சொல்லியிருக்குமே?"

"சொல்லுச்சு. அறுநூத்திச் சொச்சமோ என்னமோ. அதுக்கென்னங்க இப்ப? அப்ப அவளே சின்னப்புள்ள, இடுப்புல ஒரு புள்ள. குடுக்கோணும்னு அவளுக்கு என்னங்க கட்டாயம்? நான் பெத்தவளுங்க."

கோபத்தில் வீடு ரெண்டுபடும் என்றல்லவா பூங்கோதை நினைத்து வந்தாள்? கோபமே இல்லை. ஆளுக்கொரு வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

"அவ உங்க மேல கோவிச்சுக்கிட்டுப் போகலீங்க. தன்னைய நெனச்சுத்தான் போயிருக்கா. ரெண்டு பேரும் ஒருதரம் உக்காந்து மனசு விட்டுப் பேசிட்டீங்கன்னா…"

"பேசலாமுங்க. ஒருநா பூராவும் அழுது பேசிப்போடலாம்." மாராத்தாள் சிரித்தாள். "அடுத்த நாள் காலைல எந்திரிச்சுக் காப்பி போடோணுமுல்லங்க? டம்ளரை அவ கையில குடுக்கையில சிவசாமி நடுவுல வந்து நிப்பான். அப்பறம் தெனமும் நிப்பான். நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதானுங்க பன்னண்டு வருசம் நல்லா இருந்தோம். அதைப் போயி எந்தப் பாவியுங்க அளந்து பாத்தான்?"

"அந்த மிஷின் சொன்னது தப்புங்க" என்றாள் பூங்கோதை. வார்த்தை பழக்கத்தில் தானாக வந்தது. "பழைய படம், தெளிவில்லை. ரெண்டு பேருதும் போதலைதான்."

மாராத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தலையை அசைத்தவள் அவள்தான். தலை அசைந்ததைப் பார்த்தவள் இவள்தான். இரண்டு பேருக்கும் இடையில் இனி என்ன மறைப்பு?

"எங்கிட்ட நீங்க சொன்னாப் போதுமுங்க. வாணி நம்போணுமே. மனுசரு சொன்னா இப்ப எவங்க நம்பறான்? அந்த மெசினு அது வாயாலயே சொல்லோணும். ரெண்டு பேரு போனுலயும் சொல்லோணும்."

மணி நான்கு இருபது. பூங்கோதை பத்தடி தள்ளிப் போய் மெய்யப்பனைக் கூப்பிட்டாள்.

"என்ன மேடம், சண்டையா?"

"சண்டைன்னாப் பரவாயில்லீங்க சார். வீடு பூட்டிக் கிடக்குது." நடந்ததைச் சொன்னாள். "பழைய ஸ்கேன் தெளிவில்லை, அளந்தது தப்புன்னு இந்தப் பத்து வீட்டுக்கும் அனுப்பிருங்க. மத்தவங்களுக்கும் அப்படியே அனுப்புங்க."

"பத்துப் பேரோட ஸ்கேன் தப்புன்னா இருநூத்திப் பன்னண்டும் தப்பு. எல்லாம் ஒரே மிஷின்ல எடுத்தது. மொத்தச் சான்றையும் குப்பைல போடணும். டில்லில அனுமதி ஒரு வருஷம் தள்ளிப் போகும். அந்த ஒரு வருஷத்துல சின்னத் துண்டுதான் கெடைச்சதுன்னு சாகப் போறாங்களே, அவங்ககிட்ட நீங்க வந்து சொல்லுவீங்களா, அளவு போதலைன்னு?"

எதிர்ப்பக்கம் ஒரு நூல் லாரி கடந்து போயிற்று.

"மேடம்" என்றான் மெய்யப்பன். குரல் மாறியிருந்தது. "காலைல அந்தப் பத்துல எனக்கும் ஒரு போன் வந்துச்சு."

பூங்கோதை பக்கத்திலிருந்த மைல்கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

மருத்துவமனையின் முதல் வருடம். அண்ணன் சிதம்பரத்துக்குக் கொடுக்க வந்திருந்த ஒல்லியான இளைஞன், இருபத்தாறு வயது. அளவு போதலை என்று அவள் சொன்னதும் மற்றவர்களைப்போல அவன் எழுந்து போகவில்லை. எவ்வளவு குறைகிறது என்று கேட்டான். யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவன் பின்னால் பெரிய இன்ஜினியராகி அதே மருத்துவமனைக்கு வந்தபோதும், அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"நாப்பது கிராம் குறையுதுன்னு சொன்னீங்க. அண்ணன் போனப்பறம் வேற நெனப்பே இல்ல எனக்கு. அந்த நாப்பது கிராமை ஜெயிக்கணும்னுதான் இத்தனை வருஷமும் ராப்பகலா உக்காந்தேன். இந்த மதகே அதுக்குத்தான் மேடம். இன்னிக்கு நான் செஞ்ச மிஷின் எனக்கே போன் பண்ணி, அறுபத்தஞ்சு கிராம் அதிகமாவே இருந்துச்சுங்குது. நான் மறுக்கலையே? சரின்னுதானே சொன்னேன்?"

"சரின்னுதான் சொன்னீங்க."

"அப்ப வேற யாரு?"

அந்த அறையில் கேட்டதை அவள் ஒருநாளும் வெளியே கொண்டுவந்ததில்லை. போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். சார் என்ற சொல் நாக்கில் வரவில்லை.

"அந்த ரூமுக்கு நீங்க மட்டும் வரலை, தம்பி."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறவில்லை.

"என்ன சொன்னான்?" மூக்கை உறிஞ்சும் சத்தம். "படுக்கையில இருந்து எந்திரிக்கவே முடியாதே அவனால."

"சக்கர நாற்காலியில வந்தாரு. வேண்டாம்னாரு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

போன் வைக்கப்பட்டது.

பெஞ்சுக்குத் திரும்பினாள். "என்னங்க சொன்னாரு? ஒத்துக்கிட்டாருங்களா?" என்றாள் மாராத்தாள்.

"தெரியலீங்க."

நான்கு ஐம்பதுக்குத் தாராபுரம் பஸ் வந்து நின்றது. மாராத்தாள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பூங்கோதை ஒயர்க்கூடையின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் இருங்க."

"விடுங்க. இந்த பஸ்ஸை உட்டா ஆறேகாலுக்குத்தானுங்க."

"ஆறேகாலுக்கு நானே ஏத்தி உடறேன்."

"ஏறறதுன்னா ஏறுங்க, ரெண்டு பேரும் கூடைய வெச்சு வடம் இழுத்துட்டு நிக்கறீங்க!" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது. பஸ் போயிற்று. மாராத்தாள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஐந்து மணி. ஒன்றும் அடிக்கவில்லை.

ஐந்து இரண்டு. ஒருவேளை அவன் எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பியிருந்தால்? இந்நேரம் இன்னும் எத்தனை வீடுகளில்?

ஐந்து நான்குக்கு ஒயர்க்கூடைக்குள் போன் அலறியது. மாராத்தாள் எடுத்து ஒலிபெருக்கியைத் தட்டினாள். உயிரில்லாத, மரியாதையான குரல்.

"வணக்கம். இன்று காலை தங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட அளவு பிழையானது. பழைய படங்கள் தெளிவாக இல்லை. திருமதி கோகிலவாணி, திருமதி மாராத்தாள் இருவரின் கல்லீரல் அளவும் அன்று போதுமானதாக இல்லை. தங்களுக்கு நேர்ந்த மன வருத்தத்துக்கு மன்னிக்கவும்."

மாராத்தாள் இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டாள். காலையிலிருந்து அணைந்து கிடந்த போன் இப்போது முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"ஏ வாணி, உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க அத்தை."

"ரெண்டு பேருதும் பத்தலையாமா."

"ஆமாங்க அத்தை. பத்தலையாமா."

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. என்ன கருமாந்தர மெசினோ! இதையெல்லாம் நம்பிக்கிட்டு நீ பாட்டுக்குப் பாப்பாவைப் பாதிப் பள்ளிக்கூடத்துல இழுத்துட்டுப் போயிருக்கற."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

"நீங்க எங்கீங்க இருக்கறீங்க? பஸ் சத்தமாக் கேக்குது."

"நான் எங்க போறேன்? ஊட்லதான் இருக்கறேன்." மாராத்தாள் ஒயர்க்கூடையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். "சாம்பார் இருக்குது. பொழுதோட வந்து சேருங்க."

போனை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பூங்கோதையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, "உள்ள வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்று சாவியைத் தேடினாள்.

பூங்கோதை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் இப்போது அந்தக் குரல் பேசி முடித்திருக்கும். டில்லிக்கு என்ன பதில் சொல்வான், காத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் அடுத்த வருடம் இருப்பார்கள் என்ற கேள்விகள் அவளோடு அந்த வாசல்வரை நடந்து வந்தன.

படியேறும்போது அவளுடைய போன் அதிர்ந்தது. மெய்யப்பன் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்.

"எனக்கும் வந்துச்சு மேடம். நாப்பது கிராம் குறையுதாம்."